சொல்லாமல் விட்ட வாக்கியம்

ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கிள்ளானுக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி அது, பெயர் வேண்டாம். காலையில் நோயாளிகளின் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு டாக்டர் வார்டு சுற்ற வரும்போது கூடவே போய், அவர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழிலும் நோயாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும். டாக்டர் வெள்ளைக்காரர். மலாய் கொஞ்சம் பேசுவார். தமிழில் அவருக்கு 'வலி', 'எங்கே', 'நாக்கை நீட்டு' என்ற மூன்றைத் தாண்டி எதுவும் தெரியாது.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்பா கோலாலம்பூரில் ரயில்வே கந்தோரில், அதாவது ஆபீஸில், வேலை பார்த்தார், வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். நான் வார நாட்களில் கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு நோயாளியிடம், "இரவு நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்டுவிட்டேன். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு அவர்கள் பேசும் தமிழைக் கற்றேன். ஆறு மாதத்தில் என்னை யாழ்ப்பாணத்தான் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி பேசினேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற ஒரு ரயில்வே பாயிண்ட்ஸ்மேனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும். நாக்கில் தொடங்கிய புற்று தாடை வரைக்கும் பரவியிருந்தது. பேச்சு போய் இரண்டு மாதமாகிவிட்டது. கஞ்சியைக்கூடத் துணியில் நனைத்துத்தான் வாயில் பிழிந்துவிட வேண்டும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் வருகிற வாடையைத் தாங்க முடியாமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு இடம் கேட்டார்கள். அவருடைய மனைவி மட்டும் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நாள் முழுவதும் நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு நாள் பிற்பகல் டாக்டர் அந்தக் கட்டிலருகில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாக, தெளிவாகப் பேசினார். இனி அறுவையால் பயனில்லை. வலியை அடக்க மார்பியா ஊசியைக் கூட்டிக் கொடுக்கலாம். கூட்டினால் மூச்சு தளரும், இருக்கிற நாளும் குறையக்கூடும். இதை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்லி, சம்மதமா என்று கேள். இதுதான் அவர் சொன்னது.

நான் அவள் பக்கம் திரும்பினேன். டாக்டர் இவ்வளவு நேரம் நின்று பேசியதால் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டாள் போலும். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்:

"இனிமே அறுத்துப் பிரயோசனம் இல்லையாம்மா. வலி தெரியாம இருக்க ஊசியைக் கூட்டிப் போடுவாங்களாம். நல்லாத் தூங்குவாரு. சரிதானே?"

"தூங்கினாப் போதும் ஐயா," என்றாள் அவள். "அவரு தூங்கி இருபது நாளாச்சு."

அவள் சம்மதிக்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்றாவது வாக்கியத்தை நான் சொல்லவில்லை. வார்த்தை தெரியாமல் விட்டேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். 'ஆயுசு குறையலாம்' என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த தமிழ். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதுதான் உண்மை.

இன்னொன்றும் உண்டு. பாயிண்ட்ஸ்மேன் இருபது வருஷம் வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் ஓரளவு புரிந்திருக்கும். டாக்டர் பேசும்போது அவர் கண்கள் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் தமிழில் சொல்லத் தொடங்கியதும் அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின. சொல்லி முடித்ததும் அவர் கையை நீட்டி, இரண்டு விரல்களால் என் மணிக்கட்டில் இரண்டு தடவை தட்டினார். விட்டதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றாரா, விட்டது நல்லது என்றாரா, முழுசாகச் சொல் என்றாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் தலையை ஆட்டியாவது பதில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முன் பாயிண்ட்ஸ்மேன் இறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். பிழைக்காதவனுக்குக் கறுப்பு மருந்து கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று அவர்கள் குடியிருந்த லயங்களில் பேசிக்கொள்வார்கள். பாயிண்ட்ஸ்மேன் போன சேதி அந்தப் பேச்சோடு சேர்ந்துகொண்டது. நோயாளி அமைதியாக இருந்தார் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். வலியைக் குறைத்தோம் என்றார் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற மூத்த டிரஸ்ஸர். வார்டு பெருக்குகிறவர்கள் 'முடிச்சு விட்டாங்க' என்றார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பாயிண்ட்ஸ்மேனின் தம்பி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றான். எல்லாரும் ஒரே ஊசியைத்தான் சொன்னார்கள்.

தம்பி அத்தோடு விடவில்லை. கிள்ளானில் மனு எழுதுகிறவரைப் பிடித்து ஒரு மனு எழுதி அனுப்பினான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தான் சொன்ன எல்லாவற்றையும் நான் அவளிடம் சொன்னேனா என்று கேட்டார்.

"யெஸ், சார்," என்றேன்.

அறையை விட்டு வெளியே வந்தேன். விசாரணை வைக்கப்போகிறார்கள், அந்த அம்மாவையும் கூப்பிடப்போகிறார்கள் என்று டிரஸ்ஸர் சொன்னார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகும். அப்பாவின் தலை அவருடைய கந்தோரில் குனியும். அதைவிட, ஒரு மனிதனின் சாவைப் பற்றிப் பொய் சொன்னவன் என்ற பெயர் நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் தம்பி, ஒழுங்காச் சாப்பிடுறாயில்லை? சுகமில்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டுமில்லையம்மா," என்றேன். அடுத்தடுத்த நாட்களில் எத்தனை பேரிடம் எத்தனை 'ஒன்றுமில்லை' சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட ஆள் அனுப்பியிருக்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்டரின் அறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் டாக்டர். சுவரோரமாக டிரஸ்ஸர், அவருக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் அவளும் கொழுந்தனும். நடுவில் நான். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார். ஊசியைக் கூட்டினால் ஆயுள் குறையக்கூடும் என்று உனக்குச் சொல்லப்பட்டதா என்று அவளைக் கேள் என்றார்.

என் மேல் வந்த குற்றத்தை நானே மொழிபெயர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. டிரஸ்ஸர் கேட்டுக்கொண்டிருந்ததால் இந்தத் தடவை ஒரு சொல்லையும் விழுங்க முடியாது.

"அம்மா, ஊசியைக் கூட்டினா அவரு ஆயுசு குறையலாம்னு அன்னைக்கு உங்ககிட்ட சொன்னாங்களா?"

'நான் சொன்னேனா' என்று கேட்டிருக்க வேண்டும். 'சொன்னாங்களா' என்று கேட்டு அங்கேயும் ஒளிந்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த விஷயத்தை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறாள். அது அவளுக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். ஊசி, தூக்கம், மறுநாள் காலை எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததை அவள் முகத்தில் பார்த்தேன்.

"சொன்னாங்க," என்றாள். பிறகு, "நான் சரின்னு சொன்னேன்," என்றாள்.

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். தம்பிக்காரன் எழுந்து நின்றான். "அண்ணி, நீங்களா?" என்று கேட்டான். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் தப்பித்துவிட்டேன். மூச்சு விடக்கூட நேரமில்லை. வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லுங்க. தொரை அன்னைக்கு என்ன சொன்னாரு? ஒண்ணும் விடாம சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னேன். அவள் கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். வலிக்காக யாரோ கொடுத்த அபினி ஒரு டப்பியில் இருந்ததாம். கடுகளவு கிள்ளிக் கொடுப்பாளாம். அவர் டப்பியைக் காட்டி, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடு என்று கையால் கேட்பாராம். புரியாத மாதிரி அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம். ஒரு நாள் அவர் விடாமல் கேட்கவே, டப்பியைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டாளாம்.

"நீங்க சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை," என்றாள். "சரின்னுதான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன். ஆனா ஒரு நாளாவது யோசிச்சிருப்பேன். அவரு மூஞ்சியப் பார்த்துக் கேட்டிருப்பேன். அதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவர் என் மணிக்கட்டில் தட்டியதைச் சொன்னேன். எப்படி என்று கேட்டாள். தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன்னிடம் அவர் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை, அதற்கு என்ன அர்த்தமென்று தனக்குத் தெரியாது என்றாள்.

உள்ளே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். என்னைக் காப்பாற்றவா என்று கேட்கத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியாமலே அவரு போனாருன்னு இருக்கக் கூடாது ஐயா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் சொன்ன 'சொன்னாங்க'வுக்கு என்ன விலை என்று போகப்போகத் தெரிந்தது. புருஷனைச் சாகடிக்கச் சம்மதம் கொடுத்தவள் என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொன்னான். கருமாதியில் அவளை யாரும் பக்கத்தில் உட்காரவிடவில்லையாம். ரயில்வே வீட்டைக் காலி செய்து, மகளைக் கூட்டிக்கொண்டு காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். இதெல்லாம் ஆஸ்பத்திரிப் பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொல்லச் சொல்ல நான் பேரேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் தலைமைக் கிராணி ஒரு நாள் இங்கிலீஷ் பத்திரிகையை விரித்துவைத்துப் படித்துக் காட்டினார். தீராத நோயாளி கேட்டுக்கொண்டால் டாக்டரே அவனுக்கு மரணத்தைத் தரலாம் என்று சட்டம் வேண்டுமென சீமையில் சிலர் பேசுகிறார்களாம். அதற்கு ஒரு நீளமான சொல். கிரேக்கச் சொல், 'நல்ல சாவு' என்று அர்த்தம் என்றார். யார் கேட்க வேண்டும் என்று கேட்டேன். நோயாளிதான், வேறு யார் என்றார். எனக்கு மணிக்கட்டில் குறுகுறுத்தது. இன்றைக்குப் பத்திரிகைகளில் 'கருணைக்கொலை' என்று சுலபமாக எழுதுகிறார்கள். நான் கிராணியாக இருந்த காலத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இருந்திருந்தாலும் அந்தக் கட்டிலருகில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கியிருப்பேன். எங்கள் டாக்டர் செய்ததை அந்தச் சொல்லால் சொல்லலாமா என்பதும் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

இனி ஒரு சொல்லையும் விடுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து, வயிற்றில் கட்டியோடு ஒரு தோட்டத்து அம்மாளைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அதே நான்கு வாக்கியத்தைச் சொன்னார். நான் நான்கையும் அவளுடைய மகனிடம் சொன்னேன்.

"ஆயுசு குறையும்னா, சாகடிக்கிறதுக்கா கேக்குறீங்க?" என்றான் அவன்.

இல்லை, வலிக்காகத்தான் என்றேன். அப்படியென்றால் ஏன் ஆயுசு குறைகிறது என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அந்த அம்மாளிடமே கேட்கலாம் என்று போனால், அவளுக்கு அப்போது சுயநினைவு சரியாக இல்லை. மகன் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் பழைய அளவையே கொடுத்துவந்தார். அது போதவில்லை. அவள் பதினொரு நாள் கிடந்தாள். அவள் போட்ட சத்தம் கந்தோர் அறைவரை கேட்டது. எட்டாவது நாள் மகன் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"நீங்க அந்த ஒரு பேச்சைச் சொல்லாம இருந்திருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன்ல?" என்றான்.

இப்போதும் சம்மதிக்கலாமே என்றேன். முடியாது, இனி தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போனான்.

அடுத்த வருஷம் டாக்டர் நீண்ட விடுமுறையில் சீமைக்குப் புறப்பட்டார். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க உதவிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, பாயிண்ட்ஸ்மேன் விஷயத்தில் நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்தது என்றார். தன்னுடைய இங்கிலீஷ் நீளமாக இருந்ததாம், என் தமிழ் அதில் பாதிகூட இல்லையாம். அப்படியானால் ஏன் திரும்பக் கேட்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அந்த மனிதன் தூங்க வேண்டும் என்று தானும் விரும்பியதால் கேட்காமல் விட்டதாகச் சொன்னார். பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

இரண்டு பேர் செய்ததை ஒரு பெண் சுமந்துகொண்டிருக்கிறாள் என்ற எண்ணம் அதன் பிறகு என்னை இருக்கவிடவில்லை. ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகாமல் துறைமுகத்துக்குப் போனேன். கிடங்கு வாசலில் தம்பிக்காரனைக் கண்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் அடிப்பான் என்றே நினைத்தேன். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணிய நான் என்னென்ன பேசிட்டேன்," என்றான். பிறகு என்னைப் போகச் சொன்னான்.

திரும்பி வரும்போது ஒரு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. அன்று கிள்ளான் பாசாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகளுக்குக் காலில் புண். மகளை டிரஸ்ஸரிடம் விட்டுவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"எதுக்குப் போய்ச் சொன்னீங்க?"

உங்கள் மேல் வீண்பழி இருக்கக் கூடாது என்றுதான் என்றேன்.

"பழி இருந்துட்டுப் போகட்டும்னுதானே அன்னைக்கு நான் அப்படிச் சொன்னேன்," என்றாள். குரல் உயரவில்லை. "கொழுந்தன் வந்து கால்ல விழுந்தான். பாவம் அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறான். அக்கா வீட்டில எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சரின்னு சொல்லி அனுப்பி வெச்சேன்னு ஒரு வருஷமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன் ஐயா. கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அது என்கிட்ட இருந்துச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டிரஸ்ஸர் கொடுத்த மருந்துச் சீட்டை நீட்டி, இதில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள் என்றாள். எந்த மருந்து, எத்தனை வேளை, எதைத் தண்ணீரில் கலந்து புண்ணைக் கழுவ வேண்டும் என்று வரி வரியாகப் படித்தேன்.

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். வராந்தா வழியே நடந்து டிரஸ்ஸரின் ஜன்னலுக்குப் போய், அதே சீட்டை அவரிடமும் கொடுத்து, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.